உள்ளது உள்ளபடி: எந்தக் குறைக்கு வாங்குபவர் பொறுப்பு?

செவ்வாய்க்கிழமை பொழுது விடிவதற்குள் பொய்கைச் சந்தைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பார் என் பெரியப்பா. வெயில் ஏறினால் மாடு சோர்ந்துவிடும், சோர்ந்த மாட்டின் குணம் தெரியாது என்பது அவர் கணக்கு. வேலூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கூடும் அந்தச் சந்தைக்குப் பன்னிரண்டு வயதில் அவரோடு முதன்முதலாகப் போனேன். இரண்டாம் ஈற்றுக் கறவை மாடு ஒன்றை அவர் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வாயைப் பிளந்து கீழ்த்தாடையில் பல் எண்ணினார். நான்கு காம்புகளையும் ஒவ்வொன்றாகத் தானே பீச்சிப் பார்த்தார். மடியை அமுக்கி, அது இயல்பான திரட்சியா, முந்தைய வேளை கறக்காமல் விட்டதால் வந்த வீக்கமா என்று தடவினார். மாட்டைப் பத்தடி நடக்கவிட்டுப் பின்னாலிருந்து கால்களைக் கவனித்தார். அதன் பிறகுதான் தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டார். துண்டுக்கு அடியில் விரல்களே விலை பேசின.

விலை படிந்துவிட்டது. அச்சாரம் கொடுக்கும் முன் மாட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "கறக்கும்போது உதைக்குமா?"

"மாடு கண்ணெதிரே நிற்கிறது. உள்ளது உள்ளபடி பிடித்துக்கொண்டு போங்கள், ஐயா."

பெரியப்பா கயிற்றை விட்டுவிட்டார். தரகர் எவ்வளவோ பேசிப் பார்த்தும் திரும்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "குறை உள்ள மாட்டைக்கூட வாங்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லாதவரிடம் வாங்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்பது, வேலூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மனு எழுதும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

'உள்ளது உள்ளபடி' என்ற சொற்களை இன்று எங்கும் பார்க்கிறோம். வங்கி ஏல அறிவிப்புகளில் 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் உள்ளபடி, எவ்விதப் பொறுப்புமின்றி' என்று நீட்டி அச்சிடுகிறார்கள். பழைய கார் விற்பவர்கள் ரசீதில் எழுதுகிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் நெடுஞ்சாலையோரக் கடைகளில் ஏற்றுமதியில் கழிந்த காலணி வாங்கினாலும், படிப்பு முடித்துக் காட்பாடியை விட்டுக் கிளம்பும் மாணவரிடம் குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும் பேச்சு இதுதான். இந்தச் சொற்களைக் கேட்டதும் மக்கள் இரண்டு விதமாகத் தவறிவிடுகிறார்கள். ஏமாந்தவர்களில் பலர், "எழுதிக் கொடுத்துவிட்டோமே, இனி என்ன செய்வது" என்று நியாயமான வழக்கைக்கூடக் கைவிடுகிறார்கள். வேறு சிலர் எதையும் பார்க்காமல் வாங்கிவிட்டு, நுகர்வோர் சட்டம் எப்படியும் காப்பாற்றும் என்று நம்பி வருகிறார்கள். இரு சாராரையும் மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். இரண்டாம் வகையினருக்குச் சொல்ல நேரும் பதில்தான் கடினமானது.

இதன் வேர் ஆங்கிலேயச் சட்டத்தில் இருக்கிறது. 1603-ல் லண்டனில் ஒரு பொற்கொல்லர் 'பெசோவார்' கல் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். நம் ஊர்க் கோரோசனையைப் போல, விலங்கின் வயிற்றில் விளைவதாகவும் விஷத்தை முறிப்பதாகவும் நம்பப்பட்ட பொருள் அது. கல் போலி என்று வாங்கியவர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். விற்றவர் அதை பெசோவார் என்று வாயால் சொன்னாரே தவிர, அதற்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை என்றது நீதிமன்றம். வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்ற கொள்கை அப்படித்தான் ஊன்றியது. அந்தத் தீர்ப்பின் கடுமை இன்று அப்படியே இல்லை. அமெரிக்காவில் 'உள்ளபடி' என்று எழுதி விற்றால் தரம் பற்றிய மறைமுக உத்தரவாதங்கள், அதாவது விற்பவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் உண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும் உறுதிகள், விலகிவிடும் என்று வணிகச் சட்டமே சொல்கிறது. ஆனால் பழைய கார் விற்கும் வியாபாரி, உத்தரவாதம் உண்டா இல்லையா என்பதை எழுதிக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 16-ஆம் பிரிவு கையை விரித்துக்கொண்டுதான் தொடங்குகிறது: விற்ற பொருளின் தரத்துக்கோ பயன்பாட்டுக்கோ மறைமுக உத்தரவாதம் எதுவும் கிடையாது. பிறகு விதிவிலக்குகளைச் சொல்கிறது. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெரிவித்து, அவர் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். அத்தகைய வியாபாரியிடம் விவரம் சொல்லி வாங்கும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 62-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், இந்த மறைமுக உத்தரவாதங்களை இரு தரப்பும் ஒப்பந்தத்தின் மூலமே நீக்கிக்கொள்ளலாம் என்கிறது. 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகத்தின் பலமெல்லாம் இந்த 62-ஆம் பிரிவிலிருந்து வருவது.

இதை என் சொந்த நஷ்டத்தில் படித்திருக்கிறேன். ஊரில் எங்கள் நிலத்துக் கிணறு வற்றி, போர் போட்ட பிறகு, பழைய நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை வாங்கப் போனேன். கடையில் துடைத்துப் புதுப் பெயின்ட் அடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். போர் எத்தனை அடி, தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது, எவ்வளவு தூரம் குழாய் போகிறது என்று எதையும் சொல்லாமல், கம்பெனிப் பெயரைச் சொல்லி "5 ஹெச்.பி. வேண்டும்" என்று மட்டும் கேட்டேன். ரசீதின் அடியில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் பணம் கொடுத்தேன். பதினோராம் நாள் காயில் எரிந்து மோட்டார் நின்றது. பிரித்த மெக்கானிக், ஏற்கெனவே ஒருமுறை காயில் கட்டிய மோட்டார் இது என்றார். கீழே இறக்கும் முன் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அரை மணி நேரம் ஓடவிட்டு, டாங் டெஸ்டர் வைத்து மூன்று பேஸிலும் ஆம்பியர் பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும் என்றும் சொன்னார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டுமாம். ஒன்று மட்டும் விலகி நின்றால் காயிலில் கோளாறு என்று பொருளாம்.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு வழக்கு இருந்ததா? நேர்மையாகச் சொன்னால், மிகவும் பலவீனமான வழக்குதான். பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பொருளை அதன் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கினால், பொருள் குறிப்பிட்ட வேலைக்குத் தகுமா என்ற பொறுப்பு விற்பவருக்கு இல்லை என்கிறது அதே 16-ஆம் பிரிவு. "என் போர் இவ்வளவு அடி, இதற்குத் தகுந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் பொறுப்பின் பாதி பாரமாவது அவர் தோளுக்கு மாறியிருக்கும். "காயில் கட்டியதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இன்னும் பலமாக மாறியிருக்கும். காரணம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்பதைச் சொல்கிறது. அதை விளக்க அது காட்டும் எடுத்துக்காட்டுகள் குதிரையைப் பற்றியவை. ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குதிரைக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது. வாங்குபவர் அவருடைய மகள், இப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்றால் சொல்லியே ஆக வேண்டும், உறவு அந்தக் கடமையை உண்டாக்குகிறது. அடுத்த எடுத்துக்காட்டுதான் நமக்கு வேண்டியது. "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார் வாங்குபவர். விற்பவர் பேசாமல் இருக்கிறார். இங்கே மௌனமே பேச்சுக்குச் சமம்.

குதிரை இருந்த இடத்தில் கறவை மாட்டை வைத்துப் பாருங்கள், பெரியப்பா கேட்ட கேள்வியின் எடை புரியும். கேள்வி கேட்கப்படாதவரை விற்பவரின் மௌனத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. கேள்வி விழுந்த பிறகு அவர் உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும், அல்லது நழுவ வேண்டும். உண்மை சொன்னால் நாம் விலையைக் குறைப்போம். பொய் சொன்னால் மோசடி என்ற பெயரில் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் உரிமை நமக்கு வரும். நழுவினால், கயிற்றை விட்டுவிட்டு நடக்கலாம்.

'உள்ளது உள்ளபடி' வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. அந்த வாசகம் தரத்தைப் பற்றிய மறைமுக உத்தரவாதத்தை நீக்குமே தவிர, தெரிந்தே சொன்ன பொய்யைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாது. பொய்யை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது, விரிசலில் மக்கு அடைத்துப் பெயின்ட் அடிப்பது, மோட்டாரின் தகட்டை மாற்றி ஒட்டுவது எல்லாம் குறையை முனைந்து மறைக்கும் செயல்கள். சட்டத்தின் கணக்கில் இவையும் மோசடியே. வெறுமனே துடைத்துப் பளபளப்பாக்கி வைப்பது வியாபாரம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு சில நேரம் மெல்லியதுதான், என் மோட்டாரின் புதுப் பெயின்ட்டும் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றது.

அதே ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மௌனத்தால் நடந்த மோசடியானாலும், விற்பவர் தெரியாமல் சொன்ன தவறான தகவலானாலும், சாதாரணக் கவனம் இருந்தாலே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. தெரிந்தே வாய் திறந்து சொன்ன பொய்க்கு விற்பவருக்கு இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டுக்குப் பல் பார்க்காமல் வந்தவரை நீதிமன்றம் தேற்றி அனுப்புமே தவிர, பணத்தை வாங்கித் தராது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அது சாதாரண வாங்குபவருக்குக் கூடுதல் பலம் தருகிறது. பழையதையோ புதுப்பித்ததையோ புதியது என்று சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்க மறுப்பதும் அப்படியே. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில் சேரும்: பில்லில் காலவரம்பு எழுதியிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது புதிய சட்டம் செய்த பெரிய உதவி. சென்னையில் வாங்கிய பொருளுக்காக வேலூர்க்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் முதலில் ஆலோசனையும் கேட்கலாம்.

இந்தச் சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் அல்லர். தோல் தொழிற்சாலைக்குப் பழைய இயந்திரம் வாங்கும் முதலாளி சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பிழைப்புக்காகத் தாமே ஓட்டப் பழைய ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவார். விற்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஊரைவிட்டுப் போகும்போது தம் குளிர்சாதனப் பெட்டியை விற்கும் மாணவர் வியாபாரி அல்லர். அவர் மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கடினம், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்லும் விதிவிலக்குகளும் அவரைத் தொடாது. தெரிந்தவர், நல்ல பையன் என்று நாம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வாங்கும் இடத்தில்தான் சட்டத்தின் துணை மிகக் குறைவு. அங்கேதான் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, உறைபெட்டியில் பனி கட்டுகிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பொருள் விற்பவருக்கே சொந்தமா என்பது வேறு கேள்வி. விற்கும் உரிமை தமக்கு இருக்கிறது என்ற உத்தரவாதத்தைச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஒவ்வொரு விற்பனையிலும் விற்பவர் மேல் வைக்கிறது. 'உள்ளபடி' என்பது பொருளின் நிலையைப் பற்றிய பேச்சு, உரிமை அதில் சேராது. ஆனாலும் திருட்டு வண்டியையோ திருட்டு செல்போனையோ வாங்கியவர் அதை இழப்பார். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கினார் என்று முடிவானால் மூன்றாண்டுச் சிறைவரை போகும். செல்போன் என்றால் *#06# அழுத்தி வரும் எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். வண்டி என்றால் ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு இருக்கிறதா, இருந்தால் அதை நீக்கும் 35-ஆம் எண் படிவத்தில் கடன் கொடுத்தவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேதத்துக்கான காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வங்கி ஏலத்தில் இருக்கிறது, ஏனென்றால் தொகை பெரியது, அவகாசம் சிறியது. கடன் திரும்பாதபோது ஈடான சொத்தை வங்கியே விற்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தின் விதிகளின்படி, ஏலம் எடுத்தவர் அன்றே, அல்லது மறு வேலை நாளுக்குள், விலையில் 25 சதவீதம் கட்ட வேண்டும். விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள் மீதி. தவறினால் கட்டிய பணம் போய்விடும். ராணிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்கூடத்தை ஏலத்தில் எடுத்தவர், மின் இணைப்புக்குப் போனபோது பழைய முதலாளியின் பாக்கியைக் கட்டச் சொன்னார்கள் என்று கலங்கிப்போய் வந்தார். "நான் வாங்காத கடனை நான் ஏன் கட்ட வேண்டும்?" என்ற அவர் கேள்விக்கு 2023 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. கே.சி. நினான் எதிர் கேரள மாநில மின்சார வாரியம் என்ற வழக்கு அது. 'உள்ளது உள்ளபடி' என்று அறிவித்து விற்கும்போது, சொத்தின் மேல் உள்ள பொறுப்புகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று ஏலம் கேட்பவருக்கு முன்கூட்டியே சொன்னதாகத்தான் பொருள். மின் விநியோக விதிகளில் இடமிருந்தால் புதிய உரிமையாளரிடம் பழைய பாக்கியைக் கேட்கலாம் என்றது தீர்ப்பு. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன் என்றார் அவர். மின் பாக்கி அதில் வராது. மின் இணைப்பு எண்ணை வைத்து மின்வாரிய அலுவலகத்திலும், சொத்து வரிக்கு உள்ளாட்சி அலுவலகத்திலும் தனித்தனியாக விசாரிப்பதே வழி.

நிலம் வாங்குவோருக்குச் சட்டம் ஒரு சலுகை தந்திருக்கிறது, அது பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு: வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத, தமக்கு மட்டும் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் தாமாகவே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி. மாட்டுக்காரருக்கு இருக்கும் மௌன உரிமை நிலம் விற்பவருக்கு இல்லை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை. பத்திரத்தில் 'உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொண்டேன்' என்ற ஒரு வரி நுழைகிறது என்றால் இந்தச் சலுகையைக் குறிவைத்துத்தான்.

பாலாற்றங்கரை மாவட்டங்களில் இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களின் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்த கதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் அளவுக்குப் போனது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கெட்ட மண் மேலே பார்க்க நல்ல மண்ணைப் போலத்தான் இருக்கும். மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் புல்கூட முளைத்திருக்கும். போர்த் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து உப்பும் குரோமியமும் பார்க்கச் செலவாகும் தொகை, பத்திரச் செலவில் ஒரு தூசி. அந்த அறிக்கை கையில் வருமுன் முன்பணம் கொடுக்காதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் மன்றாடிக் கேட்கிறேன். விற்பவரிடம், "இந்தத் தண்ணீரை நீங்கள் குடிக்கிறீர்களா? பக்கத்து நிலத்தில் எதையாவது கொட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். பொருளானாலும் இதே வழிதான். பணம் கொடுக்கும் முன் கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதில் வாங்கி வைத்தவர்களின் மனுவை எழுதுவது எனக்கு எப்போதும் எளிதாக இருந்திருக்கிறது.

பெரியப்பா அடுத்த செவ்வாயும் என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனார். அன்று பார்த்தது கொம்பு ஒன்று சற்று வளைந்த கறுப்பு மாடு. பல், காம்பு, நடை எல்லாம் பார்த்த பிறகு அதே கேள்வியைக் கேட்டார். மாட்டுக்கார அம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு, "வலப்பக்கம் உட்கார்ந்தால் அசையாமல் நிற்கும், அண்ணா. இடப்பக்கம் போனால் காலைத் தூக்கும்" என்றார். துண்டுக்கு அடியில் இன்னொரு முறை விரல்கள் பேசின, விலை கொஞ்சம் இறங்கியது. பெரியப்பா அந்த மாட்டை வாங்கினார். எங்கள் வீட்டில் அதை எல்லோரும் வலப்பக்கம் உட்கார்ந்தே கறந்தோம்.